இரண்டு வருட ‘நர்சிங் டிப்ளமோ’வில் தங்கையைச் சேர்க்கலாமா?

கேள்வி:

ஐயா, எங்களுக்குக் கருமாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். நான் மதுரை விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். என் தங்கை இந்த வருடம் அரசுப் பள்ளியில் உயிரியல் பாடத்தோடு பிளஸ் டூ முடித்து 412 மார்க் எடுத்திருக்கிறாள். பாட்டி பெரியாஸ்பத்திரியில் இருந்தபோது பார்த்துக்கொண்ட நர்சம்மாவைப் பார்த்ததிலிருந்து ஆஸ்பத்திரி வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் இரண்டு வருட ‘டிப்ளமோ இன் நர்சிங்’ இருப்பதாக ஊருக்கு வந்த ஓர் அண்ணன் சொன்னார். மொத்தம் 1,40,000 ரூபாய். இந்த வாரத்துக்குள் 10,000 கட்டினால் 20,000 தள்ளுபடி, முடித்ததும் நூறு சதவீதம் வேலை என்கிறார்கள். நோட்டீஸின் போட்டோவை அனுப்பியிருக்கிறேன். அப்பா, “உள்ளூர் காலேஜ்லயே ஏதாவது ஒரு டிகிரி படிக்கட்டும்” என்கிறார். என் கல்யாணத்துக்கென்று சேர்த்த நாலு பவுன் செயின் இருக்கிறது. அதை அடகு வைத்து இந்தப் படிப்பில் சேர்க்கலாமா?

பதில்:

வணக்கம்மா.

செயின் பீரோவிலேயே இருக்கட்டும். அந்தப் பத்தாயிரத்தையும் கட்ட வேண்டாம். இந்த வாரம் போனால் தங்கைக்கு எதுவும் கைநழுவிப் போகாது. அவளுக்குப் பொருத்தமான படிப்புகளுக்கு அரசு விண்ணப்பம் வாங்குவதே பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகுதான். எந்தெந்தப் படிப்பு என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் அனுப்பிய நோட்டீஸை இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறை படித்துவிடுவோம். இதே மாதிரி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மே, ஜூனிலும் எத்தனையோ குடும்பங்கள் தவிக்கின்றன.

மேலே வெள்ளை யூனிஃபார்மில் ஒரு பெண் படம். அதன் கீழே ‘அரசு பதிவு பெற்றது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பதிவு பெற்றிருப்பது நிறுவனம். டிரஸ்ட் என்றோ சொசைட்டி என்றோ சிறுதொழில் என்றோ யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். அங்கே நடத்துகிற படிப்பை அரசு ஏற்றுக்கொண்டது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அடுத்து ஐ.எஸ்.ஓ. 9001. அது ஓர் அலுவலகம் தன் வேலைகளை ஒழுங்கான முறையில் நடத்துகிறதா என்று பார்த்துத் தருகிற சான்று. உங்கள் தங்கை அங்கே படித்துவிட்டு ஊசி போடலாமா கூடாதா என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

மூன்றாவதுதான் முக்கியம். படிப்பு முடிந்ததும் சான்றிதழ் தருவது டெல்லி முகவரி போட்ட ஏதோ ஒரு கவுன்சில். பெயரில் ‘தேசிய’ இருக்கிறது, ‘இந்தியா’வும் இருக்கிறது. ஆனால் நர்சிங்குக்கென்று சட்டப்படி இருப்பது இந்தியன் நர்சிங் கவுன்சிலும், நம் மாநிலத்தில் தமிழ்நாடு நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலும்தான். இவற்றின் அங்கீகாரம் உள்ள பள்ளியில் படித்துப் பரீட்சை எழுதி, நம் மாநில கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்தவர்தான் நர்ஸ். உங்கள் நோட்டீஸில் இந்த இரண்டு பெயருமே இல்லை. கடைசி வரியையும் பாருங்கள், பொடி எழுத்தில் ‘வேலைவாய்ப்புக்கு உதவி செய்யப்படும்’ என்று இருக்கிறது. மேலே நூறு சதவீதம் வேலை, கீழே உதவி. நாளைக்கு நீங்கள் போய்க் கேட்டால் கீழே இருக்கிற வரியைத்தான் காட்டுவார்கள்.

அப்படியானால் அங்கே படித்த பிள்ளைகளுக்கு வேலையே கிடைப்பதில்லையா? கிடைக்கிறது. பெரும்பாலும் நர்சிங் அசிஸ்டென்ட் வேலை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, காய்ச்சலும் பிரஷரும் பார்த்து எழுதுவது, வீல்சேரில் ஸ்கேனுக்குக் கூட்டிப்போவது. மரியாதையான வேலைதான், அது இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் ஓடாது. ஆனால் பத்து வருடம் பார்த்தாலும் அந்தச் சான்றிதழை வைத்து ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் எடுக்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு, எம்.ஆர்.பி. என்போமே, அதற்கு விண்ணப்பிக்கவே கவுன்சில் பதிவு வேண்டும். வெளிநாட்டுக்கு நர்சாகப் போகவும் அதுதான் முதல் படி. இன்னொன்று, இதே அசிஸ்டென்ட் வேலைக்கான பயிற்சியைத் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் சில மாதங்களில் இலவசமாகவே தருகிறது. அதே இடத்துக்குப் போய்ச் சேர ஒரு லட்சத்துக்கு மேல் செலவு செய்து இரண்டு வருடத்தையும் கொடுப்பது எனக்கு மனசு கேட்கவில்லை.

இரண்டு வருடத்தில் முறையாக முடிகிற நர்சிங் படிப்பே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஏ.என்.எம். இருக்கிறது. உங்கள் ஊருக்குத் தடுப்பூசி போட வருகிற கிராம சுகாதார நர்ஸ் அந்த வழியில் வந்தவர்தான். அதற்கும் கவுன்சில் பதிவு உண்டு. நோட்டீஸில் இருப்பது அது இல்லை.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே விசாரித்துப் பாருங்கள். விளக்குத்தூணில் வேலை பார்க்கிற உங்களுக்கு அது சுலபம். வார விடுமுறை நாளில் தங்கையைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போங்கள். நர்சிங் சூப்பிரண்டைப் பார்த்து நோட்டீஸைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தச் சர்டிபிகேட்டோட ஒரு பொண்ணு வந்தா, நீங்க அவளை எந்த வேலைல வைப்பீங்க? என்ன சம்பளம்?” அவர் சொல்கிற பதில், நிறுவனத்து ரிசப்ஷனில் தருகிற எல்லா வாக்குறுதியையும் விட உறுதியானது. நிறுவனத்திலும் கேளுங்கள், போன வருடம் முடித்தவர்களில் நாலைந்து பேர் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று. வேலை வாங்கிக் கொடுத்தவர்களுக்கு இடத்தைச் சொல்வதில் தயக்கம் இருக்காது. அந்தப் பிள்ளைகளையே நேரில் பார்த்துப் பேசுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு இன்னொரு எளிய சோதனை இருக்கிறது. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதல்லவா? அது டிகிரிக்கும் உண்டு, டிப்ளமோவுக்கும் உண்டு, ஐ.டி.ஐ.க்கும் உண்டு. ஆனால் படிக்கிற இடத்துக்கு முறையான அங்கீகாரம் இருக்க வேண்டும். “இங்கே சேர்ந்தால் புதுமைப் பெண் பணம் வருமா?” என்று கேளுங்கள். சுற்றி வளைத்துப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊருக்கு வந்து சொன்ன அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பது பல இடங்களில் நடக்கிற வழக்கம். அவர் உங்களுக்குத் தெரிந்தவராகவே இருந்தாலும், இந்த விஷயத்தில் அவர் வாய்ச் சொல்லை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ‘இந்த வாரத்துக்குள்’ என்று அவசரப்படுத்துவது எதற்கு? நாலு பேரிடம் விசாரிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கக் கூடாது என்பதற்கு.

சரி, தங்கை விஷயத்துக்கு வருவோம். அவள் ஆஸ்பத்திரி வேலை என்கிறாள். அதற்குள் பல வேலை இருக்கிறது. அவள் பார்த்தது பாட்டியின் கட்டில் பக்கத்தில் நின்ற நர்சம்மாவை. அந்த அம்மாவுக்கு மூன்று ஷிஃப்ட் உண்டு, மாதத்தில் சில நாள் ராத்திரி முழுக்கக் கண்விழிக்க வேண்டும், தீபாவளிக்கும் டூட்டி வரும், ஒரு வார்டில் ஒரே நேரத்தில் எத்தனையோ பேர் கூப்பிடுவார்கள். அதையும் தெரிந்துகொண்டு “அப்பவும் நர்ஸ்தான்” என்று சொன்னாள் என்றால் அவளை நர்சிங்குக்கே அனுப்புங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் தானாகத் தெரியாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அங்குள்ள நர்சிடம், மத்தியானம் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, அரைமணி நேரம் பேசட்டும்.

அதே கட்டடத்தில் லேப் டெக்னீசியன் இருந்தால் அவரையும் அவள் பார்க்க வேண்டும். உயிரியல் பிடித்துப் படித்த பிள்ளைகளில் பலர் அந்த அறையைப் பார்த்ததே இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு கையிலும் விரலால் தடவி நரம்பைத் தேட வேண்டும். வயதானவர்களுக்கு அது ஊசி படும்போதே நழுவும், குழந்தை கையை இழுக்கும். எடுத்த ரத்தத்தை எந்தக் குழாயில் விடுவது என்பது அடுத்த வேலை. ஊதா மூடிக் குழாய் ரத்த அணுக்களை எண்ணுவதற்கு, ரத்தம் உறையாமல் வைக்கிற மருந்து அதற்குள் இருக்கும். சாம்பல் மூடி சர்க்கரைக்கு. குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும், அதை நிறுத்துகிற ஃப்ளோரைடு அதற்குள் இருக்கும். இளநீல மூடி, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதற்கு. அதில் கோடு வரைக்கும் சரியாக நிரப்பாவிட்டால் ரிசல்ட் தப்பாக வரும். லேபிள் மாறினால் ஒருவருடைய ரிப்போர்ட் இன்னொருவருக்குப் போய்விடும். அதிகம் பேசாத, கை நிதானம் உள்ள, ஒன்றை இரண்டு தடவை சரிபார்க்கிற பிள்ளைக்கு இது அருமையான வேலை. உங்கள் தங்கை எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது படிப்புகள். நாம் பெரியாஸ்பத்திரி என்கிற ராஜாஜி மருத்துவமனையோடு சேர்ந்த மதுரை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மட்டும்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். டி.ஜி.என்.எம். என்ற மூன்று வருட நர்சிங் டிப்ளமோ அங்கே இருக்கிறது, டி.எம்.எல்.டி. என்ற லேப் படிப்பு இருக்கிறது, டி.ஃபார்ம் என்ற மருந்தாளுநர் படிப்பு இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆபரேஷன் தியேட்டர், அனஸ்தீசியா, டயாலிசிஸ் மாதிரியான பிரிவுகளுக்கு ஆள் தயாரிக்கிற ஓராண்டுச் சான்றிதழ் படிப்புகளும் உண்டு. எதற்கும் நீட் வேண்டாம். பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் ரேங்க். மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கும். ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி அறிவிப்பு வரலாம், ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள். கட்டணம் தனியார் கேட்பதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

412-க்கு இடம் கிடைக்குமா என்று யாராலும் இப்போதே சொல்ல முடியாது. அது அந்த வருடம் யார் யார் விண்ணப்பிக்கிறார்கள், எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவு என்பதைப் பொறுத்தது. அதனால் டி.ஜி.என்.எம்., டி.எம்.எல்.டி., டி.ஃபார்ம் மூன்றுக்கும் போடுங்கள். மதுரைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்க வேண்டாம். தேனி, சிவகங்கை, திண்டுக்கல், விருதுநகரிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

இந்த மூன்றில் டி.ஃபார்மைப் பற்றி நம் பக்கத்துக் குடும்பங்களில் யாரும் யோசிப்பதில்லை என்பது என் வருத்தம். இரண்டு வருடப் படிப்பு, பிறகு 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி, அப்புறம் மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு. 1948-லிருந்து இதற்குச் சட்டம் இருக்கிறது, மருந்துக்கடை நடத்தப் பதிவு பெற்ற மருந்தாளுநர் வேண்டும். ராத்திரி டூட்டி வேண்டாம் என்று அப்பா நினைத்தால் அவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அரசு இடம் கிடைக்காவிட்டால் தனியாரில் படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கீகாரம் உள்ள நல்ல தனியார் நர்சிங் பள்ளிகள் மதுரையைச் சுற்றி இருக்கின்றன. பள்ளியின் பெயர் நர்சிங் கவுன்சில் இணையதளத்துப் பட்டியலில் அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். டி.ஃபார்ம் என்றால் பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியாவின் பட்டியல். லேப் படிப்பு என்றால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் இஷ்டத்துக்குச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கிற கூட்டம் இந்தப் பக்கம்தான் அதிகம். இதுமாதிரித் துறைகளுக்கென்று 2021-ல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. நர்சுக்கும் மருந்தாளுநருக்கும் இருப்பது போன்ற பதிவேடு இவர்களுக்கும் வேண்டும் என்கிறது அது. இனி அங்கீகாரம் இல்லாத சான்றிதழோடு வருபவர்களுக்குக் கஷ்டம் கூடத்தான் செய்யும்.

கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால் முதலில் வங்கிக்குப் போங்கள், அடகுக் கடைக்கு வேண்டாம். கல்விக் கடன் கேட்டால் மேலாளர் முதலில் பார்ப்பது படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதைத்தான். அவர் தர மறுத்தால், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காரணம் உங்களுக்கும் பொருந்தும்.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பக்கத்தில் கருமாத்தூரிலேயே அருள் ஆனந்தர் கல்லூரி இருக்கும்போது பிள்ளையை ஏன் வெளியே அனுப்ப வேண்டும் என்று எந்தத் தகப்பனும் கேட்பார். படிக்கிற ஆர்வம் இருந்து, மேலே எம்.எஸ்ஸி., பி.எட். வரை போகத் தயார் என்றால் டிகிரி நல்ல வழி. ஆனால் ‘ஏதாவது ஒரு டிகிரி’ என்று அவர் சொல்வதைத்தான் நான் ஏற்க மாட்டேன். மூன்று வருடம் முடித்துவிட்டு மறுபடியும் ‘அடுத்து என்ன’ என்று அதே இடத்தில் நிற்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அப்பாவோடு சண்டை போடாமல், அவர் பயப்படுவது எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் அது ஹாஸ்டல், பஸ், ராத்திரி, செலவு இந்த நாலுக்குள் ஒன்றாக இருக்கும். பெரியாஸ்பத்திரிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளையும் விடுதியையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

எதிலும் இடம் அமையாவிட்டாலும் வருடத்தைச் சும்மா விட வேண்டாம். கே.புதூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, உங்களுக்குப் பக்கத்தில் செக்கானூரணியிலேயே இருக்கிறது. பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். ஆஸ்பத்திரி வேலை அதில் வராது என்பதால் உங்கள் தங்கைக்கு அது கடைசி வரிசைதான். கே.புதூரிலேயே மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையமும் இருக்கிறது. அங்கே போய் மார்க் ஷீட்டைக் காட்டிக் கேட்கலாம், காசு கிடையாது. பிளஸ் டூ முடித்து எங்கும் சேராத பிள்ளைகளுக்கு ‘உயர்வுக்குப் படி’ முகாம் நடத்துவார்கள். அறிவிப்பு வந்தால் தங்கையைக் கட்டாயம் அனுப்புங்கள்.

எங்கே சேர்ந்தாலும் ஒன்று செய்யுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் ‘இப்போதைக்கு வைத்துவிட்டுப் போங்கள்’ என்று எந்தத் தனியார் நிறுவனம் கேட்டாலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டலாம், ஜெராக்ஸ் தரலாம். சேர்ந்த பிறகு பிடிக்காமல் வெளியே வர நினைக்கிற பிள்ளைகளை, பாக்கிப் பணத்தைக் கட்டினால்தான் ஒரிஜினல் என்று நிறுத்தி வைக்கிறார்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் நிறுவனத்தின் பெயர் அச்சடித்த ரசீது வாங்குங்கள். பாதியில் விட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். செக்கானூரணியில் ஏதாவது இ-சேவை மையத்துக்குப் போய் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததற்கு இப்போதே விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பத் தேதி வந்த பிறகு ஓடினால் தாலுகா ஆபீஸில் கூட்டமாக இருக்கும். தங்கை பெயரில் வங்கிக் கணக்கு இருந்து அதில் ஆதார் இணைத்திருக்க வேண்டும், புதுமைப் பெண் பணம் அதில்தான் வரும். முக்கியமாக, ஆதாரில் இருக்கிற பெயரும் மார்க் ஷீட்டில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருந்தால்கூட ஆன்லைனில் தகராறு வரும். அதைத் திருத்தச் சில நாள் பிடிக்கும், அதனால் அந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.